சமாதானம் செய்து வைப்பது எப்படி? இஸ்லாம் சொல்லும் விதிகள்: கேள்வி பதில்

இரண்டு பேருக்குள் சண்டை. நமக்கென்ன என்று ஒதுங்கிக்கொள்ளலாமா?

தீர்த்து வைக்க முடிகிற இடத்தில் இருப்பவர் அப்படி ஒதுங்குவதற்குக் குர்ஆன் இடம் தரவில்லை. "நம்பிக்கையாளர்கள் சகோதரர்களே, உங்கள் சகோதரர்களுக்கிடையே சமாதானம் செய்து வையுங்கள்" என்று 49:10 (49ஆம் அத்தியாயம், 10ஆம் வசனம்) கட்டளையாகவே சொல்கிறது. பத்ருப் போர் முடிந்த கையோடு, கிடைத்த பொருள்களை யாருக்குப் பங்கிடுவது என்று தோழர்களுக்குள்ளேயே பிணக்கு வந்தது. அப்போது இறங்கிய 8:1 வசனம், இறையச்சத்தைச் சொன்ன அதே மூச்சில் "உங்களுக்கிடையே உள்ள உறவைச் சீர்படுத்திக்கொள்ளுங்கள்" என்கிறது. பத்ரில் நின்றவர்களுக்கே இந்த அறிவுரை தேவைப்பட்டது என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நபி (ஸல்) அவர்களும் இதை ஆள் அனுப்பி முடிக்கிற வேலையாக வைத்துக்கொள்ளவில்லை. மதீனாவை அடுத்த குபாவில் பனூ அம்ர் பின் அவ்ஃப் கூட்டத்தார் ஒருவர்மீது ஒருவர் கல்லெறிந்து சண்டையிடுவதாகச் செய்தி வந்ததும், "வாருங்கள், அவர்களைச் சமாதானம் செய்து வைப்போம்" என்று தோழர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பேச்சு நீண்டது. தொழுகை நேரம் வந்துவிடவே அபூபக்ர் (ரலி) முன்னின்று தொழுகை நடத்த நேர்ந்தது. புகாரி நபிமொழித் தொகுப்பில் வரும் செய்தி இது.

தொழுகை, நோன்பை விடச் சமாதானம் செய்து வைப்பது மேலானது என்கிறார்களே, சரியா?

அபூதர்தா (ரலி) அறிவிக்கும் நபிமொழி அப்படித்தான் இருக்கிறது: நோன்பு, தொழுகை, தர்மம் இவற்றைவிடச் சிறந்த படித்தரம், பிணங்கியவர்களைச் சேர்த்து வைப்பது. உறவு கெடுவதோ மார்க்கத்தையே மழித்துவிடக்கூடியது. அபூதாவூது, திர்மிதி ஆகிய நபிமொழித் தொகுப்புகளில் உள்ளது. இங்கே தொழுகை, நோன்பு என்பது உபரியானவற்றைத்தான் குறிக்கும் என்று உரையாசிரியர்கள் விளக்கியிருக்கிறார்கள். கடமையான தொழுகையை விட்டுவிட்டுச் சமரசம் பேசப் போகலாம் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

முதலில் இருவரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பாதிச் சமரசங்கள் முதல் அமர்விலேயே உடைகின்றன. அலீ (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, முதலாமவர் சொன்னதைக் கேட்டது போலவே மற்றவர் சொல்வதையும் கேட்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று நபி (ஸல்) கற்றுத் தந்தார்கள். கோபத்தோடு இருக்கும் நீதிபதி இருவருக்கிடையே தீர்ப்பளிக்கக் கூடாது என்பது மற்றொரு நபிமொழி. நடுவராகப் போகிறவருக்கும் இவை இரண்டும் பொருந்தும்.

தனியாகக் கேட்கும்போது இரண்டைப் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று உரிமை: எவ்வளவு பணம், எந்த நிலம், யாருடைய பங்கு. மற்றது மனக்காயம்: யார் முன்னால் என்ன பேசினார், எந்தத் திருமணத்துக்கு அழைக்கவில்லை. மனக்காயத்துக்குப் பணத்தால் மருந்து போட முடியாது. உரிமையை ஸலாமும் கைகுலுக்கலும் சொல்லி மூடிவிடவும் முடியாது. இரண்டையும் குழப்பினால் ஆறு மாதத்தில் அதே சண்டை வேறு பெயரில் திரும்பி வரும்.

இருவரையும் உட்கார வைக்கும் நாளில் ஆள் கூட்டம் வேண்டாம். நூறு பேர் இருக்கும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்" என்று பதிவு போடுவது சமாதானம் செய்து வைப்பது ஆகாது. அது இருவரையும் மேடையேற்றுவது. மேடையில் யாரும் இறங்கி வர மாட்டார்கள்.

நபி (ஸல்) நேரடியாகத் தீர்த்து வைத்த ஒரு தகராறைச் சொல்ல முடியுமா?

கஅப் பின் மாலிக் (ரலி), இப்னு அபீ ஹத்ரத் (ரலி) இருவருக்கும் இடையே கடன் பாக்கி. பள்ளிவாசலுக்குள் வைத்தே கஅப் தாம் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டார். குரல் உயர்ந்தது. வீட்டுக்குள் இருந்த நபி (ஸல்) அவர்களுக்கு அது கேட்டது. வெளியே வந்து தம் அறையின் திரையை விலக்கி, "கஅபே!" என்று அழைத்தார்கள். பாதியைத் தள்ளிவிடும்படி கையால் சைகை செய்தார்கள். "செய்துவிட்டேன், இறைத்தூதரே" என்றார் கஅப். உடனே மற்றவரிடம், "எழுந்து போய் அதைக் கொடுத்துவிடு" என்றார்கள்.

நடந்தது சில நொடிகள்தான். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். விட்டுக்கொடுக்கும்படி கேட்டது உரிமை உள்ளவரிடம். கேட்டது அளவு தெரிந்த ஒன்று: பாதி. "கொஞ்சம் பார்த்துக் குறைத்துக்கொள்" என்ற மழுப்பல் இல்லை. அவர் வாயால் சம்மதம் வந்தது. அதன் பிறகு, இன்று பலரும் மறந்துவிடும் படி: பாக்கிப் பாதியை உடனே கொடுக்கும் பொறுப்பு கடன்பட்டவர்மீது வைக்கப்பட்டது. கடன் கொடுத்தவரிடம் தள்ளுபடி வாங்கிக் கொடுத்துவிட்டு, மீதியை எப்போது தருவார் என்று கேட்காமல் எழுந்து போகிற நடுவர், அவரை இரண்டு முறை இழப்புக்கு ஆளாக்குகிறார்.

கடன் சமரசத்தில் எது கூடும், எது கூடாது?

கொடுத்தவர் மனமொப்பி ஒரு பகுதியையோ முழுவதையுமோ தள்ளுபடி செய்யலாம். கடன்பட்டவர் உண்மையிலேயே வசதியற்றவர் என்றால் வசதி வரும்வரை தவணை கொடுக்கச் சொல்கிறது 2:280. தர்மமாக விட்டுவிடுவது அதைவிட நல்லது என்றும் சொல்கிறது.

கூடாதது, தவணைக்காகத் தொகையைக் கூட்டுவது. "இன்னும் ஒரு வருடம் அவகாசம் கொடுங்கள், பத்தாயிரம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நல்லெண்ணத்தோடு ஒரு நடுவர் சொன்னால், அவர் எழுதி வைப்பது வட்டி. இருதரப்பும் சம்மதித்தாலும் அது ஆகுமானதாகாது.

தவணைக்கு முன்பே கொடுத்தால் இவ்வளவு குறைக்கிறேன் என்று நிபந்தனை போடுவதில் கருத்து வேறுபாடு உண்டு. நான்கு மத்ஹபுகளின் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளின்) பெரும்பான்மைக் கருத்து கூடாது என்பது. இப்னு அப்பாஸ் (ரலி) அனுமதித்ததாக வருகிறது. நிபந்தனை எதுவும் இல்லாமல் இவர் முன்கூட்டிக் கொடுக்க, அவர் தாமாகக் குறைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். "நான் கடனே வாங்கவில்லை" என்று ஒருவர் மறுக்கும் நிலையில், ஏதோ ஒரு தொகைக்குப் பேசி முடிப்பதை ஹனஃபி, மாலிகி, ஹன்பலி மத்ஹபுகள் ஏற்கின்றன. ஷாஃபிஈ மத்ஹப் ஏற்பதில்லை. முதலில் அவர் ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகுதான் சமரசம் என்பது ஷாஃபிஈ நிலை. எந்த மத்ஹபாக இருந்தாலும், வாங்கியது தெரிந்தே மறுப்பவருக்கு மிச்சமான பணம் ஹலாலாகிவிடாது (ஆகுமானதாகாது). ஒருவர் வாய்ச் சாதுரியத்தால் சகோதரனின் உரிமையை நபியிடமிருந்தே தீர்ப்பாகப் பெற்றாலும், அவர் பெறுவது நெருப்புத் துண்டு என்று நபி (ஸல்) எச்சரித்தார்கள்.

சமரசம் என்றாலே பாதிக்குப் பாதிதானா?

அப்படி நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய அநியாயம். ஒருவர் மற்றவருடைய நிலத்தில் பத்தடி தள்ளி வேலி போட்டுவிட்டார். "ஆளுக்கு ஐந்தடி விட்டுக்கொடுங்கள்" என்று ஒரு பெரியவர் முடித்து வைக்கிறார். ஆக்கிரமித்தவருக்கு ஐந்தடி லாபம். பறிகொடுத்தவருக்கு 'விட்டுக்கொடுக்கத் தெரியாதவன்' என்ற பட்டம். இதில் அமைதி கிடைத்தது பெரியவருக்கு மட்டும்தான்.

ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் ஓர் அன்சாரித் தோழருக்கும் (மதீனாவாசிக்கும்) வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் தகராறு வந்தது. மேல்மடை ஸுபைருடையது. "உமது தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டு அண்டை நிலத்துக்குத் திறந்துவிடும்" என்று நபி (ஸல்) சொன்னார்கள். ஸுபைர் தம் முழு உரிமையைக் கேட்காமல் கொஞ்சம் இறங்கி வரும் ஏற்பாடு அது. அன்சாரியோ, "அவர் உங்கள் அத்தை மகன் என்பதாலா?" என்று கேட்டுவிட்டார். நபி (ஸல்) அவர்களின் முகம் மாறியது. பிறகு, வரப்பின் அடியை எட்டும்வரை நீரைத் தேக்கிக்கொள்ளும்படி ஸுபைருக்கு முழு உரிமையையும் வழங்கினார்கள். பின்னாளில் அந்த அளவைக் கணுக்கால் உயரம் என்று கணக்கிட்டார்கள். சமரசம் விருப்பத்தில் நிற்பது. அது ஏற்கப்படாதபோது நீதி வந்துவிடுகிறது.

இதற்கு எல்லைக்கோடு போடும் நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் உண்டு: ஹலாலை ஹராமாகவோ ஹராமை ஹலாலாகவோ ஆக்காத எந்தச் சமரசமும் முஸ்லிம்களுக்கிடையே ஆகும். தன் மகன் செய்த விபச்சாரக் குற்றத்துக்கு ஈடாக நூறு ஆடுகளையும் ஓர் அடிமைப் பெண்ணையும் கொடுத்துப் பேசி முடித்திருந்த ஒருவரின் வழக்கு நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது, அவற்றைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி அந்தச் சமரசத்தையே செல்லாததாக்கினார்கள்.

வாரிசுச் சொத்துத் தகராறில் சமரசம் எப்படி?

வரிசை மாறினால் இங்கே எல்லாம் கெடும். முதலில் இறந்தவரின் அடக்கச் செலவு, கடன்கள். அடுத்து, வாரிசு அல்லாதவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத மரணசாசனம். எஞ்சியதை ஒவ்வொருவருடைய பங்காகக் கணக்கிட்டு, இது இன்னாருடையது என்று சொல்லிவிட வேண்டும். விட்டுக்கொடுப்பது இதற்குப் பிறகுதான். தன் பங்கு என்னவென்றே தெரியாத சகோதரியிடம் "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று கையெழுத்து வாங்குவது, அண்ணன் தம்பிகள் நான்கு பேர் சுற்றி நின்று வாங்கும் சம்மதம். அதை மனப்பூர்வமானது என்று எந்த ஆலிமும் (மார்க்க அறிஞரும்) எளிதில் சொல்ல மாட்டார். பங்கு கைக்கு வந்த பிறகு அவராகக் கொடுத்தால் அது அன்பளிப்பு.

ஆதாரம் எதுவும் கையில் இல்லாமல், பழைய வாரிசுச் சொத்து ஒன்றுக்காக இருவர் நபியிடம் வந்ததை அவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். மேலே சொன்ன நெருப்புத் துண்டு எச்சரிக்கையைக் கேட்டதும் இருவரும் அழுது, "என் உரிமை அவனுக்கே" என்றார்கள். அப்படியே விட்டுவிடுங்கள் என்று நபி (ஸல்) சொல்லவில்லை. பங்கிடுங்கள், நியாயத்தை நாடுங்கள், சீட்டுக் குலுக்கிக்கொள்ளுங்கள், பிறகு ஒருவருக்கொருவர் ஹலாலாக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். உணர்ச்சி பொங்கிய நேரத்திலும் கணக்கு முதலில், மன்னிப்பு பிறகு.

சமாதானத்துக்காகப் பொய் சொல்லலாமா?

மக்களிடையே சமாதானம் செய்வதற்காக நல்லதை எடுத்துச் சொல்பவர் பொய்யர் அல்லர் என்று உம்மு குல்ஸூம் பின்த் உக்பா (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் உள்ளது. இதை வைத்து நேரடிப் பொய்யையே சிலர் அனுமதிக்கிறார்கள். மற்றவர்கள் சிலேடையாகப் பேசுவதோடு நிறுத்துகிறார்கள். நடைமுறையில் இரண்டாவது வழியே பெரும்பாலும் போதும். கோபத்தில் ஒருவர் பத்து வசை பாடிவிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பார். அந்த ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லுங்கள்.

உரிமை விஷயத்தில் பொய்க்கு இடமே இல்லை. பணத்தைத் தயார் செய்யாதவரைப் பற்றி "தயாராக வைத்திருக்கிறார்" என்று சொன்னால், அது வெளிப்படும் நாளில் உங்கள் பேச்சும் போகும், சமாதானமும் போகும்.

கணவன் மனைவிப் பிணக்கில்?

4:35 தெளிவான ஏற்பாட்டைத் தருகிறது: அவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவர், அவள் குடும்பத்திலிருந்து ஒரு நடுவர். மூன்றாவதாக ஒருவர் முடிவெடுப்பது இங்கே இல்லை. உள் விவரம் தெரிந்தவர்கள், இரகசியம் காப்பவர்கள் வேண்டும் என்பதால்தான் குடும்பத்திலிருந்து. தன் பிள்ளைக்கு வக்கீலாக வருகிறவர் நடுவராக இருக்க முடியாது. பெற்றோரைவிட ஒரு மாமாவோ சித்தப்பாவோ பல வீடுகளில் இதற்கு ஏற்றவர்.

இந்த நடுவர்கள் பிரித்து வைக்கவும் முடியுமா? மாலிகி மத்ஹபில் முடியும். அவர்கள் நீதிபதிகளைப் போல. ஹனஃபி மத்ஹபிலும், ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்திலும் அவர்கள் பிரதிநிதிகள் மட்டுமே. கணவன் அதிகாரம் கொடுக்காமல் தலாக்குக்கு வழியில்லை. எனவே உட்காரும் முன்பே அதிகார எல்லையைப் பேசிக்கொள்வது நல்லது.

கட்டாயப்படுத்தல் கூடாது என்பதற்கு பரீரா (ரலி) நிகழ்ச்சியை விடப் பெரிய சான்று தேவையில்லை. அடிமைத்தளையிலிருந்து விடுதலையானதும் கணவர் முகீஸைப் பிரியும் உரிமை அவருக்குக் கிடைத்தது. முகீஸ் தாடி நனைய அழுதுகொண்டு அவர் பின்னால் சுற்றினார். "நீ அவரிடம் திரும்பிப் போனால் என்ன?" என்றார்கள் நபி (ஸல்). "கட்டளையிடுகிறீர்களா?" என்று பரீரா கேட்டார். "இல்லை, பரிந்துரைதான்." "அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை." பேச்சு அதோடு முடிந்தது. நபியின் பரிந்துரையையே மறுக்கும் உரிமை ஒரு பெண்ணுக்கு இருந்திருக்கிறது. "குடும்ப மானம்" என்று சொல்லி, அடி வாங்கிய பெண்ணை அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் எந்த வசனத்தைப் பின்பற்றுகிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அடி, உதை இருக்கும் இடத்தில் முதல் வேலை அவருடைய பாதுகாப்பு. பேச்சு பிறகு.

எத்தனை நாள் பேசாமல் இருக்கலாம்? பேச மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தால்?

மூன்று நாளுக்கு மேல் சகோதரனை ஒதுக்கி வைப்பது ஆகாது. எதிரெதிரே வந்தால் இவரும் முகம் திருப்பி அவரும் முகம் திருப்பிப் போகிற இருவரில், ஸலாமை முதலில் சொல்பவரே சிறந்தவர். திங்கள், வியாழன் நாள்களில் சுவனத்தின் வாயில்கள் திறக்கப்பட்டு மன்னிப்பு வழங்கப்படும்போது, பகைத்துக்கொண்ட இருவரை மட்டும் "சமாதானமாகும் வரை விட்டுவையுங்கள்" என்று சொல்லப்படும் என முஸ்லிம் தொகுப்பில் வருகிறது.

ஸலாம் சொன்னாலே ஒதுக்கல் முடிந்துவிடும் என்பது பெரும்பான்மையினர் கருத்து. முன்பிருந்த பேச்சு நின்றது அவரை வருத்துமானால் ஸலாம் மட்டும் போதாது என்றார் இமாம் அஹ்மத்.

சத்தியத்தைக் காரணம் காட்டி நன்மையையும் சமாதானத்தையும் தடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறது 2:224. அபூபக்ர் (ரலி) தம் மகள் மீதான அவதூறில் பங்கெடுத்த உறவினர் மிஸ்தஹுக்கு இனி உதவ மாட்டேன் என்று சத்தியம் செய்தார்கள். மன்னித்துவிடச் சொல்லும் 24:22 இறங்கியதும் உதவியைத் தொடர்ந்தார்கள். சத்தியத்தை முறித்துப் பரிகாரம் செய்துவிட வேண்டும். பரிகாரம் 5:89இல் இருக்கிறது: பத்து ஏழைகளுக்கு உணவு, அல்லது பத்துப் பேருக்கு உடை, அல்லது ஓர் அடிமையின் விடுதலை. இவற்றுக்கு வழியில்லாதவருக்கே மூன்று நாள் நோன்பு. வசதி இருந்தும் நேராக மூன்று நோன்பு வைத்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர், அது நிறைவேறாது. ஷாஃபிஈயில் ஆளுக்கு ஒரு 'முத்து' (இரு கைகளாலும் சேர்த்து அள்ளும் அளவு) தானியம். ஹனஃபியில் அரை ஸாஉ (ஒரு ஸாஉ நான்கு முத்து) கோதுமை அல்லது அதன் விலை, இல்லையேல் இரண்டு வேளை வயிறார உணவு.

இரண்டு கூட்டங்கள் மோதிக்கொண்டால்?

49:9 படிப்படியாகச் சொல்கிறது. முதலில் சமாதானம் செய்து வைக்க வேண்டும். ஒரு கூட்டம் அத்துமீறினால், அது அல்லாஹ்வின் கட்டளைக்குத் திரும்பும்வரை அதை எதிர்க்க வேண்டும். இது ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்களின் வேலை, தெருவில் இறங்கும் தனி ஆள்களின் வேலை அன்று. திரும்பியபின் மீண்டும் சமாதானம், இம்முறை "நீதியுடன்" என்ற சொல்லோடு. அடக்கப்பட்ட தரப்பைப் பழிவாங்கும் ஆசை அந்தக் கட்டத்தில்தான் தலைதூக்கும். வரலாற்றில் இதற்கு நிற்கும் பெயர் நபியின் பேரர் ஹசன் (ரலி). "என் இந்த மகன் தலைவர், இவர் மூலம் முஸ்லிம்களின் இரு பெரும் கூட்டங்களை அல்லாஹ் இணைக்கக்கூடும்" என்று அவர் சிறுவராக இருந்தபோதே நபி (ஸல்) சொல்லியிருந்தார்கள். ஹிஜ்ரி 41இல் (கி.பி. 661) அவர் ஆட்சியை எதிர்த் தரப்பில் நின்ற முஆவியா (ரலி) அவர்களிடம் விட்டுக்கொடுத்தார். அந்த ஆண்டுக்கு 'ஒற்றுமையின் ஆண்டு' என்றே பெயர் வந்தது.

எதிரிகளுடன் சமாதானம்? ஹுதைபிய்யா தோல்வியா, வெற்றியா?

அவர்கள் சமாதானத்துக்குச் சாய்ந்தால் நீங்களும் சாயுங்கள் என்பது 8:61. ஹிஜ்ரி 6இல் (கி.பி. 628) நபியுடன் சுமார் 1,400 தோழர்கள் உம்ராவுக்கு (மக்கா புனித யாத்திரைக்கு) கிளம்பி, மக்காவை அடுத்த ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள். ஒப்பந்தம் பேச மக்காவின் குறைஷிகளின் தூதராக வந்தவர் சுஹைல் பின் அம்ர். எழுதியவர் அலீ (ரலி). "அளவற்ற அருளாளன்" என்று தொடங்குவதை சுஹைல் ஏற்கவில்லை. "இறைவா, உன் பெயரால்" என்று மாற்றப்பட்டது. "அல்லாஹ்வின் தூதர் முஹம்மது" என்பதையும் மறுத்தார். அழிக்க அலீக்குக் கை வரவில்லை. இடத்தைக் காட்டச் சொல்லி நபி (ஸல்) தாமே அழித்தார்கள். "அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது" என்று எழுதப்பட்டது.

பத்தாண்டுப் போர் நிறுத்தம், இந்த ஆண்டு திரும்பிவிட்டு அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்குவது, மக்காவிலிருந்து தப்பி வருபவரைத் திருப்பி அனுப்புவது ஆகியவை நிபந்தனைகள். எழுதி முடியும் முன்பே சுஹைலின் சொந்த மகன் அபூ ஜந்தல் சங்கிலியோடு தப்பி வந்து நின்றார். சுஹைல் விடவில்லை. அவர் கெஞ்சியும் திருப்பி அனுப்பப்பட்டார். தோழர்கள் நொறுங்கிப்போனார்கள்; குர்பானிப் பிராணியை அறுத்துத் தலைமுடியை மழியுங்கள் என்று சொல்லியும் யாரும் எழவில்லை. "யாரிடமும் பேசாமல் நீங்களே போய் அறுத்து மழித்துக்கொள்ளுங்கள்" என்று உம்மு ஸலமா (ரலி) சொன்ன யோசனைதான் அன்று வேலை செய்தது.

பெயருக்கும் பட்டத்துக்கும் முக்கியத்துவம் தராமல், போர் நிற்கும் காலம் என்ற ஒரே பொருளைப் பெற்றுக்கொண்டார்கள். 22 மாதம் கழித்து மக்காவுக்குள் நுழைந்தபோது உடன் வந்தவர்கள் 10,000 பேர். அதுவும், குறைஷிகள் உதவியோடு பனூ பக்ர் கூட்டம் முஸ்லிம்களின் கூட்டாளிகளான குஸாஆ கூட்டத்தைத் தாக்கி ஒப்பந்தத்தை முறித்த பிறகுதான்.

சமரசத்துக்குப் பணம் தேவைப்பட்டால் யார் கொடுப்பது?

இரு தரப்பைச் சேர்த்து வைக்க ஒருவர் தொகையைத் தம் பொறுப்பில் ஏற்றுக்கொண்டால், அதற்காக உதவி கேட்க அவருக்கு அனுமதி உண்டு என்று கபீஸா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) சொன்னார்கள். ஸகாத் (கட்டாய தர்மம்) பெறும் எட்டு வகையினரில் கடனாளிகளும் உண்டு (9:60). இப்படிக் கடன்பட்டவர் செல்வந்தராக இருந்தாலும் பெறலாம் என்பது ஷாஃபிஈ, ஹன்பலி நிலை. ஹனஃபியில் அவர் தேவையுடையவராக இருக்க வேண்டும்.

எழுதி வைக்க வேண்டுமா? பிறகு ஒருவர் பின்வாங்கினால்?

பணம், சொத்து என்றால் எழுதுங்கள். தவணைக் கடனை எழுதச் சொல்லும் 2:282 அதே வசனத்தில் சாட்சிகளையும் சொல்கிறது. தொகை, தவணைத் தேதிகள், சொத்தின் எல்லைகள், எந்த உரிமைக் கோரிக்கை இதோடு முடிகிறது என்பது, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, இவ்வளவும் இருக்க வேண்டும். சொத்து மாறுகிறது என்றால் நாட்டுச் சட்டப்படி பதிவும் வேண்டும். மனக்காயம் பற்றிய பேச்சைத் தாளில் ஏற்ற வேண்டாம். யார் மன்னிப்புக் கேட்டார் என்று எழுதி வைத்தால் அது அடுத்த சண்டைக்கு ஆவணமாகும். ஆனால் பொது இடத்தில் பழி சுமத்தியிருந்தால், அதே ஆள்கள் முன்னிலையில் திரும்பப் பெறச் செய்யுங்கள்.

முறையாக முடிந்த சமரசம் இருவரையும் கட்டுப்படுத்தும். மனம் மாறிவிட்டது என்பதற்காக ஒருவர் மட்டும் திரும்ப முடியாது. ஏமாற்றோ மறைப்போ நடந்தது தெரியவந்தால் மீண்டும் திறக்கலாம். தனித்தனியாகக் கேட்டபோது இருவரும் சொன்னவற்றை நடுவர் வெளியே விடக் கூடாது. அதைக் கொண்டுபோய் மற்றவரிடம் சேர்ப்பவர் செய்வது கோள். கோள் சொல்பவர் சுவனம் புகமாட்டார் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.